முட்டைக் கணக்கு

ரிகா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை.
ஜன்னலில்லாத அறை. என் கைக்கடிகாரத்தைக்
கழற்றி வாங்கிக்கொண்டான் ராய்விஸ்,
தாடி இன்னும் சரியாகக் கூடிவராதவன்.
'ஒரு நிமிஷம் ஆனதென்று தோன்றும்போது
இதை அழுத்துங்கள், விஸ்மா அம்மையார்.'

இதென்ன பெரிய வித்தை.
முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டியவள் நான்.
பதினோராம் எண். நிமிஷம் என்பது
வலது உள்ளங்கையில் கிடந்த பொருள்:
கதவு மூடும் மணியிலிருந்து
கல்லறைத் தோட்டத்து வளைவில்
சக்கரம் கிறீச்சிடும் வரை.
தலைக்குள் வண்டியைக் கிளப்பினேன்.
பனியில்லை, கூட்டமில்லை,
குழந்தைவண்டியோடு யாரும் ஓடிவரவில்லை.
வளைவு வந்தது. அழுத்தினேன்.

எண்பத்தேழு நொடி என்றது திரை.

'உங்கள் வயதில் சகஜம்' என்றான்,
சில்லறை இல்லையென்று கைவிரிப்பவன்போல.
அந்த இருபத்தேழு நொடி
யார் கணக்கில் ஏறியதென்று சொல்லவில்லை.

திரும்பும் டிராமில் நின்றுகொண்டே யோசித்தேன்.
வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம்
எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை:
உறைந்த தண்டவாளத்தைக் கம்பியால் குத்தியது,
கிராம்பு மென்றபடி மிர்ட்ஸா அதட்டியது,
ஒருவன் கோட்டுக்குள்ளிருந்து
வாத்து தலையை நீட்டியது.
ஓய்வுபெற்ற பின் வந்த பதின்மூன்றும்
ஒரே கோட்டை மாட்டிக் கழற்றிய நேரம்.
போன ஜனவரி என்கிறேன்.
நாலு வருஷமாச்சு அம்மா என்கிறாள் மகள்.

வருஷம் போகட்டும்,
அதை நான் கைப்பிடி பிடித்து ஓட்டியதில்லை.
நிமிஷம் என்னுடையது அல்லவா?

வீட்டில் தண்ணீர் கொதித்தது.
முட்டையை இறக்கி வழக்கம்போல எண்ணினேன்.
நான்கு நிமிஷம், இருநூற்று நாற்பது.
நூற்று அறுபத்தைந்தில் நாக்கு நின்றது.
அணைத்தேன்.

கொஞ்ச வருஷமாக என் முட்டைகள்
கரு இறுகி, ஓரம் பச்சை பூத்து வந்தன.
புது மின்னடுப்பைத் திட்டினேன்.
சந்தையில் ஸ்கைத்ரீதேயிடம் சண்டை பிடித்தேன்,
உன் கோழிகளுக்கு என்ன கேடு வந்ததென்று.
பாவி, ஒன்று கூடுதலாகவே வைத்துக் கொடுத்தாள்.

நிமிஷத்துக்கு இருபத்தேழு நொடி
இந்தச் சட்டிக்குள்தான் இறங்கிப் போயிருக்கிறது,
டிக்கெட்கூட எடுக்காமல்.

ஓட்டின் தலையைக் கரண்டியால் தட்டினேன்.
மஞ்சள் வழிந்து மணிக்கட்டுவரை ஓடியது.
நக்கிக்கொண்டே நினைத்தேன்,
சனிக்கிழமை ஸ்கைத்ரீதேயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை நாளைக்கா,
நேற்றே போய்விட்டதா என்று
காலண்டர் முன் நிற்கிறேன், விரல் பிசுபிசுக்க.