நான்கு மணிச் சன்னல்

கமோல்யியில் என் எதிர்வீட்டுக்கு
ஒன்பது சன்னல்கள்.
இரண்டு பொய்.
ஒன்று பழசு, அதை யாரும் நம்புவதில்லை.
மற்றது மூன்றாம் மாடியில்,
போன மே மாதம்
ஒர்னெல்லா பவாஸ்த்ரோ
சாரத்தில் உட்கார்ந்து
பதினெட்டு நாளில் திறந்துவைத்தது.

திறந்துவைத்தது என்றா சொன்னேன்?
பாதிதான் திறந்திருக்கிறது.
பச்சைக் கதவு, சரிந்த பலகைகள்,
கீழே ஒரு கல்விளிம்பு.
அதில் புறா ஒன்று உட்காரப் போய்
வழுக்கி,
யாரும் பார்க்காததுபோலப் பறந்துபோனது.

நான் ரொட்டி சுடுபவள்.
இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி
காலையில் தூங்கி
மூன்றரைக்கு எழுவேன்.
காப்பியோடு பால்கனிக்கு வந்தால்
அவள் நிழல் வரைந்துகொண்டிருப்பாள்.
கதவை இரண்டு நாளில் முடித்துவிட்டாள்.
மீதி நாளெல்லாம் நிழலுக்கு.

நீலம், கொஞ்சம் செம்மண்.
கறுப்பே கிடையாது.
"கறுப்பு வைத்தால் சுவரில் ஓட்டை விழும்."
நான்கு அடித்ததும்
பக்கத்து நிஜக் கதவின் நிழலை
நூல் பிடித்து அளப்பாள்,
தையற்காரி தோளளவு எடுப்பதுபோல.

அதனால்தான்
காலையில் அந்தச் சன்னலைப் பார்த்தால் சிரிப்பு வரும்.
வெயில் ஒரு பக்கம், அதன் நிழல் வேறு பக்கம்.
மழை நாளில் இன்னும் மோசம்:
ஊரே நனைய
அது மட்டும் வெயில் காயும்.

வருடத்தில் சில வாரங்கள்,
நான்கு மணிக்கு,
பதினோரு நிமிடம்
எல்லா நிழலும் ஒரே பக்கம் சாயும்போது
வரைந்ததைப் பார்த்த நானே
ஏமாந்துபோகிறேன்.

சன்னலுக்குப் பின்னால்
செவெரீனோவின் படுக்கையறை.
படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவர்.
உள்ளே வெறும் சுவர், ஒரு குண்டு பல்பு.
"ஊருக்கெல்லாம் என் அறையில் காற்று வருகிறது,
எனக்கு மட்டும் வியர்க்கிறது" என்பார்.
நான்கு மணிக்கு இறங்கி வந்து
மீன்கடைப் பந்தலடியில் நின்று
தன் சன்னலையே அண்ணாந்து பார்ப்பார்,
தானே எட்டிப் பார்க்கக்கூடும் என்பதுபோல.

"என்னையும் அதில் வையேன்,
முழங்கை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்."

"ஆளை வைத்தால் உற்றுப் பார்ப்பார்கள்.
உற்றுப் பார்த்தால் கெட்டது"
என்ற ஒர்னெல்லா
சாரம் பிரிக்கும் நாளில்
அவருக்காக ஒன்று செய்தாள்.
மேலிருந்து நான்காவது பலகையின்
ஆணியைக் கழற்றினாள்.
அதாவது, கழன்றதாக வரைந்தாள்.
பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது.

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை அவர்.
பொய்யிலும் எனக்கு உடைந்ததுதானா?

நவம்பரில் கடற்காற்று.
தெருவெங்கும் கதவுகள் அடித்துக்கொண்டன.
என்னுடையது ஒன்று
கழன்று போய்த் துறைமுகத்தில் மிதந்தது.
அசையாதது அது ஒன்றுதான்.

டிசம்பரில் நகராட்சியிலிருந்து கடிதம்:
மூன்றாம் மாடி, பழுதடைந்த சன்னல் பலகை.
நடப்போருக்கு ஆபத்து.
முப்பது நாளில் சரிசெய்க.
அபராதம் அறுபது யூரோ.

கண்ணால் காண்பதும் பொய்தான்.
தீர விசாரிக்க
அவர்களுக்கு ஏது நேரம்.

நான் சண்டைக்குக் கிளம்பினேன்.
அவர் பேசாமல் போய்ப் பணம் கட்டினார்.
திரும்பும் வழியில்
கண்ணாடிச் சட்டம் ஒன்று வாங்கினார்.

ஒர்னெல்லாவின் நூலைக் கேட்டு வாங்கி,
பக்கத்து நிஜச் சன்னலில்
இடுப்புவரை வெளியே தொங்கி
ஒரு முனையை நான் பிடிக்க,
உள்ளே அவர் அளந்து அளந்து
சன்னல் எங்கே இருக்குமோ
சரியாக அங்கே
கடிதத்தை மாட்டினார்.
பல்பு அதில் கொஞ்சம் மின்னியது.

இப்போது நான்கு மணிக்கு
அவர் இறங்கி வருவதில்லை.

மறுபடி மே.
நிழல்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன.
கெடு முடிந்து நாலு மாதம்,
பலகை இன்னும் தொங்குகிறது.
நேற்று மாவு காய்ந்த கையை
அந்தப் பக்கம் பார்த்து ஆட்டினேன்,
ஏனென்று தெரியாது.
கீழே ஐஸ்கிரீமோடு போன ஒரு குடும்பம்
நான் யாரைப் பார்க்கிறேன் என்று நிமிர்ந்து
அவர்களும் கையாட்டினார்கள்.
சின்னவள் மட்டும்
பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.