கடைவாயில் வெள்ளி

திங்கட்கிழமை காலை நகராட்சி என் கையில் கொடுத்தது
ஒரு வாளி, இரும்பு பிரஷ், அரை லிட்டர் டர்பன்டைன்.
இந்த மாதத்தில் இது மூன்றாம் முறை.
லுஷ் டாக்டரின் வெண்கல வாயில் சிவப்புச் சாயம்,
தாடை வழியாக இறங்கி
கோட்டின் இரண்டாம் பொத்தானில் காய்ந்திருக்கிறது.
பீடத்தில் ஒரே சொல்: கோழை.
எழுத்துப்பிழை இல்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளை.

சதுக்கத்துக்கு அப்பால் குடைமிளகாய் சுடுகிறார்கள்,
குளிர்காலத்துக்கு அய்வார் கிண்ட.
புகை நேராக வந்து அவர் முகத்தில் முட்டிக் கலைகிறது.

அவர் பல் மருத்துவர்.
சிலை செய்தவனுக்கு அது தெரியாது போல,
கையில் புத்தகம் கொடுத்திருக்கிறான்.
என் கடைவாயில் இன்னும் இருக்கிறது அவர் அடைத்த வெள்ளி.
எண்பத்தெட்டு, பிப்ரவரி, மின்சாரம் போன மதியம்,
காலால் மிதித்துச் சுற்றும் பழைய துரப்பணம்.
"பல்லைக் கடிக்காதே ஹைரியே, திற" என்றவர்
அடுத்த வருடம் இதே சதுக்கத்தில், ஒலிபெருக்கி இல்லாமல்,
ஊர் மொத்தத்தையும்
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னார்.

இருந்தோம்.
வேலையை விட்டு விரட்டினார்கள், இருந்தோம்.
பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள்,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே, நிலவறையில்,
பதினாறாம் வாய்ப்பாடு வரை நான் சொல்லிக்கொடுத்தேன்.
தம்பி ரூஷித்தின் விலாவை ஸ்டேஷனில் உடைத்தார்கள்.
இருந்தோம்.

அந்த ஸ்டேஷன் கமாண்டருக்குக் கன்னம் வீங்கிய இரவில்
லுஷ் டாக்டர் கதவைத் திறந்தார்.
மரத்துப்போக ஊசியும் போட்டாராம்.
பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாராம்.
இதைச் சொன்னால் பாதி ஊர் கண் கலங்கும்,
பாதி ஊர் காறித் துப்பும்.
ரூஷித் இரண்டும் செய்யவில்லை.
"பல்லுக்குப் பல் என்றால்
மனுஷன் இப்படியா புரிந்துகொள்வார்" என்று சிரித்தான்,
விலாவைப் பிடித்தபடி.
மார்ச்சில் மலைக்குப் போய்விட்டான்.

போனவர்கள் போனதால்தான் ஊர் எரிந்தது என்பார்கள்.
இருந்தவர்கள் இருந்ததால்தான்
எரிக்க அத்தனை பேர் கிடைத்தார்கள் என்பார்கள்.
கல்யாண வீடுகளில் இதற்காக நாற்காலி பறந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
போர் முடிந்த இரண்டாம் கோடையில்
கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் தோண்டினார்கள்.
வெள்ளைக் கூடாரம் போட்டார்கள்.
லுஷ் டாக்டர் வந்தார், கக்கத்தில் நான்கு பேரேடுகள்.
முப்பது வருடத்து ஊர் வாய்கள், ஒவ்வொன்றும் நீல மையில்.
பதினோரு நாள் முழங்காலிட்டு
தாடை தாடையாக டார்ச் அடித்துப் பார்த்தார்.
"மேல்வரிசை, இடப்பக்கம் நான்காவது. என் வேலைதான்."
பேரைச் சொல்லவில்லை.
பேரேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ரூஷித். எழுபத்தொன்பது.
ஓரத்தில் சின்னக் குறிப்பு: அழவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.
நான் நன்றி சொல்லவில்லை.
குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார், நெடுநேரம்.

பிறகு அவர் செத்தார். கொசோவோ முழுக்க
கட்சிகள் அவர் பேரை மென்றன, மென்று
ஒன்றன்மேல் ஒன்று துப்பிக்கொண்டன.
சிலை வந்தது. நான் மறுபடி வகுப்புக்குப் போகவில்லை,
வாளி எடுத்துக்கொண்டேன்.

நேற்றிரவு சாப்பாட்டில் பெசார்த்,
தகப்பனைப் படத்தில் மட்டும் பார்த்தவன்,
ரொட்டி பிய்த்தபோது நகக்கண்ணில் சிவப்பு.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
உப்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

டர்பன்டைன் மூக்கில் ஏறுகிறது.
உதட்டுக் கோட்டுக்குள் மட்டும் பிரஷ் நுழையவில்லை.
கொஞ்சம் சிவப்பு அங்கேயே தங்கிவிட்டது,
வெற்றிலை போட்டவர் மாதிரி என்று சொல்ல
இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட்.
புது டாக்டர், சின்னப் பெண், விளக்கை முகத்துக்கு இழுக்கிறாள்.
"பழைய அடைப்பு. உள்ளே பாதரசம், விஷம்.
எடுத்துவிட்டு வெள்ளையாக வைத்துவிடலாமா?"

இந்த வெள்ளி போய்விட்டால்
நாளைக்கு எந்தக் கூடாரத்தில், யார், என்னை
என்று கேட்க வேண்டும்.

வாய் திறந்துதான் இருக்கிறது.
அவளுடைய கண்ணாடியும் கொக்கியும் உள்ளே.