ஒன்றே காலுக்குச் சற்று மேலே

ரிச்சி தெருவில்
அடித்துப் பேசி வாங்கிய பழைய பிராசஸர்.
மணி இரண்டாகியும்
மொட்டைமாடி அறையை விட்டு இறங்கவில்லை
கத்திரி வெயில்.

ஒன்றரை வோல்ட்டை நெருங்கினால் பறக்கிறது,
தொண்ணூற்றாறு டிகிரியில்.
ஒன்றே காலில் குளிர்கிறது;
பதினோராவது நிமிடம்
நீலத்திரை.

ஒரு புள்ளி ஏற்று. சேமி.
மறுபடி முதலிலிருந்து.
"இன்னுமாடா?"
ஜெரால்டு சுவர்ப்பக்கம் புரள்கிறான்.

ஒன்று புள்ளி மூன்று ஒன்று.
ஒரு மணி நேரம் தாங்குகிறது.
இரண்டு.
விசிறியின் இரைச்சல் ஒரே சுதிக்கு வந்துவிட்டது.
பால் வண்டி கிரேட்டுகளை இறக்கும் சத்தம்.
நான் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறேன்.

நாலு ஐம்பதுக்கு
வியாசர்பாடி முழுக்கக் கரண்ட் போனது.

இருட்டில் ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தேன்.
வெதுவெதுப்பு.
இந்த இரண்டரை மணி நேரத்தைக்
கணக்கில் சேர்ப்பதா
வேண்டாமா?