ஓரத்தில் பென்சில்

ஔலு நகரில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
மேசையில் நூற்றுப் பதினேழு முழங்கைகள்,
காகிதமாய், கிளிப் மாட்டி.

நோயாளியைச் சோதிப்பதல்ல என் வேலை.
நோயாளியிடம் கேட்கும் கேள்வியைச் சோதிப்பது.
வலி குறைந்தால் எண் அசையவேண்டும்,
குறையாதபோது கம்மென்று கிடக்கவேண்டும்.

மளிகைப் பையைத் தூக்க முடிகிறதா?
இதில் யாருக்கும் தகராறில்லை.
தலைவார முடிகிறதா?
தௌனோ லெஹ்தோவாரா, வயது அறுபத்தெட்டு,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.
முடியே இல்லாதவனிடம்
முடிகிறதா என்றால்
எந்தக் கட்டத்தில் கோடு போட?
சிரித்தோம். குறித்துக்கொண்டேன்:
ஏழாம் கேள்வி, பொருந்தவில்லை, ஒருவர்.

போகும்போது கதவருகே நின்று கேட்டார்:
சௌனாவில் சுடுகல்லின்மேல் தண்ணீர் வீச
அகப்பையைத் தூக்கினால் சுளீரென்கிறதே,
அதை ஏன் கேட்கவில்லை?
கேட்கலாம் என்றேன்.
குழு கூடியது. கேட்கவில்லை.
பிற நாடுகளோடு ஒப்பிட வராதாம்.

இரண்டு வாரம் கழித்து அதே தாள், அதே கேள்விகள்.
முழங்கையில் மாற்றம் உண்டா? இல்லை.
நல்லது. மாறாத கைக்கு மாறாத எண்.
இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா?
போனமுறை: எப்போதும்.
இந்தமுறை: ஒருபோதும் இல்லை.

திரையில் எல்லாப் புள்ளிகளும் கோட்டை ஒட்டிக் கிடக்க
ஒன்று மட்டும் தள்ளி நின்றது,
பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற
எங்கள் ஊர்க்காரரைப் போல.

கைதவறிப் போட்ட கோடோ என்று தொலைபேசினேன்.
தவறவில்லை என்றார்.
கெர்த்துவைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டேன், ஒன்பதாம் தேதி.
என் வலப்பக்கம் படுப்பாள்.
இடித்துவிடக் கூடாதென்று
கையை மடக்கியே வைத்திருப்பேன்.
நாற்பத்தொரு வருஷம்.
இப்போது நீட்ட இடமிருக்கிறது. வலிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மணல் தூவும் வண்டி
தெருக்கோடி போய்ச்சேரும்வரை
இருவரும் பேசவில்லை.

அவரை நீக்க விதியில்லை. கை மாறவில்லையே.
என் அட்டவணையில் அவர் ஒரு பிழை,
இரண்டாம் தசமத்தில் சின்னச் சறுக்கல்.
கையை நம்பும் மருத்துவருக்கோ
நலம், நான்கு புள்ளி கூடுதல்.

ஐந்தரைக்குத் தாளை மறுபடி எடுத்தேன்.
ஸ்கேனர் வெட்டிவிடுகிற ஓரத்தில்
பென்சில் எழுத்து, கோணலாக:

தூக்கம் வருகிறதா என்று கேட்டிருந்தால்
வேறு கட்டம்.