நூற்று நாற்பது அடி கேபிள்

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்கு
நான் கொண்டுபோனது ஒரு கிரிம்பிங் டூல்,
நூற்று நாற்பது அடி கேபிள்,
காரைக்குடியில் வாங்கிய ரெண்டு பன்.

வைஃபை இங்கே எடுபடாது.
ஒன்றரை முழச் சுவர்.
சிக்னல் முட்டிப் பார்த்துவிட்டு
முகப்போடு திரும்பிவிடுகிறது.

முகப்பில் உமையாளின் புது லேப்டாப்.
ரெண்டாங்கட்டில் வயிரவனின் எக்ஸ்பி,
பச்சை மேட்டுப் படத்தோடு, விசிறி இரைச்சலோடு.
அதற்குள் ரெண்டாயிரத்து மூன்றிலிருந்து
வீட்டின் பொதுக் கணக்கு:
வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது, கரண்டு பில்,
எந்தப் புள்ளி எவ்வளவு தந்தது,
எந்தப் புள்ளி தரவில்லை.

"பென் டிரைவில் போட்டால் ஒரு நிமிஷம்" என்றேன்.
ரெண்டு பக்கமும் பேச்சில்லை.
பென் டிரைவ் என்றால்
யாராவது வளவைக் கடந்து
யார் கையிலாவது கொடுக்க வேண்டும்.
"கேபிளே இழுத்துருங்க" என்றார் உமையாள்.
"கேபிள்தான் நல்லது" என்றார் வயிரவன்.
என்னிடம். தனித்தனியாக.

சரி.
கல்தூண்களுக்குப் பின்னால்,
வடகம் காயும் பாயைச் சுற்றி,
பூட்டிய ஆறு கதவுகளின் நிலைப்படி ஓரமாய்
நீலக் கம்பி போனது.
ஆறில் மூன்று சிங்கப்பூர், ரெண்டு சென்னை,
ஒன்று கோர்ட்டில்.

பிங் கொடுத்தேன்.
நாலு அனுப்பினால் நாலும் திரும்பி வந்தன.
ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.
வொர்க்குரூப் பெயர் அங்கே ஒன்று, இங்கே ஒன்று.
ஒரே பெயராக்கினேன். இல்லை.
ஃபயர்வாலில் வழி விட்டேன். இல்லை.
தேதியைப் பார்த்தேன்:
எக்ஸ்பிக்கு இன்று
ரெண்டாயிரத்து ரெண்டு, ஜனவரி ஒன்று.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்து எத்தனை வருஷமோ,
ஸ்விட்சைப் போடுகிற ஒவ்வொரு காலையும்
அதற்கு அதே காலை.
வாட்ச் கடைக்குப் போய் நாற்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டேன்.
நாள் சரியானது. மற்றது ஆகவில்லை.

கடைசியில்தான் அங்கே போனேன்.
எப்போதும் காரணம் அதுதான்,
எப்போதும் கடைசியாகத்தான் பார்க்கிறேன்:
பழையது பேசுகிற முறையைப்
புதியது காதில் வாங்குவதில்லை.
கம்பெனியே அடைத்து வைத்திருக்கிறது. சும்மா இல்லை,
அந்த வழியாகத்தான் ஒரு காலத்தில்
ஆபீஸ் ஆபீஸாக வைரஸ் நுழைந்தது.
இன்டர்நெட் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு
"ஒரு மணி நேரம் திறக்கிறேன்,
எடுத்ததும் அடைத்துவிடுவேன்" என்றேன்.
ரெண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்து பாஸ்வேர்டு கேட்டது.
வயிரவன் துண்டுச் சீட்டில் எழுதி
நாலாய் மடித்துத் தந்தார்.
உமையாள் எழுந்து போய்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.
என்ன பாஸ்வேர்டு என்று சொல்ல மாட்டேன்.
எட்டு எழுத்து. ஆறாவதில் தப்பு விட்டு
மறுபடி அடித்தேன்.

வந்தது.
இத்தனை வருஷக் கணக்கும் நானூறு கேபிதான்.
திறந்தால் தமிழே இல்லை,
கமாவும் கொக்கியும் இங்கிலீஷ் கிறுக்கலும்.
பழைய எழுத்துரு,
எக்ஸ்பியில் மட்டும் இருப்பது.

உமையாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றினார்.
பிறகு என்னைத் தாண்டி, தூண்களைத் தாண்டி,
"முதல் வரி என்ன போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் விசிறி இரைச்சல்.

"வெள்ளையடிப்பு. எட்டாயிரத்து இருநூறு."
"அடுத்தது?"
"தண்ணித் தொட்டி. உங்க பக்கம் பாதிதான் வந்துச்சு."
"பாதியா? அவுக கையால முழுசாக் குடுத்தாக!"
"ரசீது இருக்கா?"
"எழுத வேண்டியவுக நீங்க."

அந்த எழுத்துரு
என் பென் டிரைவில் இருக்கிறது.
போட அரை நிமிஷம்.
ரெண்டாவது பன்னைப் பிரித்தேன்.
அவர்கள் இன்னும்
ரெண்டாயிரத்து நாலுக்கே வரவில்லை.