மீ லாப்பி

இரவு ஒன்று பத்துக்கு
ஆறு மாடியும் ஒரே தொண்டையாய்க் கத்துகிறது:
மீ லாப்பி! கரண்ட் வந்துவிட்டது.
முதலில் தண்ணீர் மோட்டார். பிறகு கைபேசிகள்.
பிறகு மார்கழிக் குளிரில் கண்ணைக் கசக்கிக்கொண்டு
ரங்கூனில் எங்கள் தெரு
சமைக்கத் தொடங்குகிறது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு இரவு.
அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை
எல்லாம் கரைத்து வைத்தாயிற்று.
நாலு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய
அரை வீசைப் பாமாயிலும் இருக்கிறது.
அச்சுதான் இல்லை.
தீபாவளிக்கு வாங்கிப்போன முத்துப்பேச்சி
இரண்டாம் மாடியில் அதைப்
பத்திரமாக மறந்து வைத்திருக்கிறாள்.

ஊரடங்கு தெருவுக்குத்தான், கயிற்றுக்கு இல்லை.
பால்கனிக்கு ஒரு கயிறு,
நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி.
பகலில் செய்தித்தாளும் கீரைக்கட்டும்
மின்சார ரசீதும் ஏறிவருகிற வழி.
(ரசீது மட்டும் தவறாமல் வரும்.)

என் கயிற்றை இறக்கி ஆட்டினேன்.
நாலாம் மாடி டோ தான் நுவே தலையை நீட்டி
எனக்கா என்றாள்.
இல்லை, கீழே.
மூன்றாம் மாடியில் ராவியா
மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு
டான்பாவ் தம் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஏலக்காய் வாசனை என் கயிற்றைப் பிடித்து
மேலே ஏறி வந்தது, அச்சுக்கு முன்னால்.

முதல் மூன்று முறுக்கும்
அச்சை விட்டு இறங்க மாட்டேன் என்றன.
நாலாவது, ஒரு உதறலில் பூவாக விழுந்தது.
பதினேழாவதில் விளக்கு போனது.
நாலரை வரைக்கும் இருக்கும் என்றிருந்தார்கள்,
இரண்டேகாலுக்கே.

வரும்போது கத்துகிறவர்கள்
போகும்போது கத்துவதில்லை.
எங்கோ ஒரு கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம்.
மிச்சச் சூட்டை நம்பி இன்னொன்றை முக்கினேன்.
எண்ணெய் குடித்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்போது என் மணி அடித்தது.
"பிலோமியக்கா, கரியடுப்பு மூட்டிட்டேன்.
மாவ இறக்கு."
எண்ணெய் சூடாயிருக்கே, எப்படி இறக்க?
"எங்கிட்ட இருக்கு" என்றாள்.
இந்த வருஷம் அதைச் சொல்வது லேசில்லை.

வாளியில் மாவுச் சட்டி, மேலே அச்சு.
இருட்டில் முழம் முழமாக விட்டேன்.
மூன்றாம் மாடியில் ஒரு கை வந்து
வாளியை நிறுத்தியது. கனம் கூடியது.
ராவியா தன் அரைவேக்காட்டுச் சட்டியைக்
கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு,
மீந்த கரியை அனுப்பினாள்.

விடிந்ததும் வாளி ஏறி வந்தது.
எண்ணினேன். எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை.
முப்பதாவது இருக்க வேண்டும்,
இருபத்திரண்டுதான் இருந்தது.
பால்கனியில் குனிந்து கேட்டேன்.
"கருகினது நாலு" என்றாள் முத்துப்பேச்சி.
மற்ற நாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மகன் எல்லை தாண்டிவிட்டானா,
வழியிலேயே எங்கேயாவது இருக்கிறானா,
இந்தக் கட்டடத்தில் யாரும் கேட்பதில்லை.
அச்சு முறுக்கு இரண்டு வாரம் கெடாது.
நன்றாக மூடி வை, நமத்துப்போகும்
என்று மட்டும் சொன்னேன்.
"தெரியும்" என்றாள்.

உள்ளே வந்து பார்த்தால் வாளியில் அச்சு இல்லை.
பொங்கலுக்கு யாராவது அச்சு முறுக்கு சுடுவார்களா?
கேட்பதற்குக் கயிற்றை எடுத்தேன்,
பிறகு கிளிப்பில் ஒரு பையை மாட்டினேன்.
நாலாம் மாடிக்கு ஆறு. மூன்றாம் மாடிக்கு
வருகிறவர்களையும் சேர்த்து எட்டு.