வரைபடத்தில் இல்லாத குன்று

அஸ்தூரியாஸின் பழைய வரைபடத்தில்
வால்நெக்ராவுக்கு ஒரு குன்றுதான்.
மற்றது நாங்கள் கொட்டியது.
நிலக்கரி ரயிலேறிப் போக
உதவாத கல் மட்டும் இங்கேயே தங்கிற்று.
இப்போது அதன்மேல் பிர்ச் மரங்கள்,
யாருடையதோ ஒரு குதிரை.

எலொயினாவின் மதுக்கடையில்
தரை கிழக்கே சாய்கிறது.
உருண்டோடும் நாணயத்தை
யாரும் துரத்துவதில்லை;
சாயங்காலம் குளிர்பெட்டிக்கு அடியில்
துடைப்பத்தால் கூட்டி எடுத்துக்கொள்வாள்.

ஆறு தெளிந்துவிட்டது.
அது கறுப்பாய் ஓடிய நாளில்
கரித்தூள் அரித்துப் பிழைத்தவள் என் அம்மா.
அடித்தரை தெரியும் நீரை
இன்னும் நம்பமாட்டாள்.
"காலி ஆறு" என்கிறாள்.

மூடிய சுரங்கத்தில் நீர் ஏறுகிறது.
நகராட்சிப் பலகையில்
மாதாமாதம் ஓர் எண்.
மூக்குக்கண்ணாடி இல்லாமலே
பெலார்மினோ படிக்கிறார்:
"இந்நேரம் நாங்கள் ரொட்டி தின்ற
இடத்துக்கு வந்திருக்கும்."